பதவி உயர்வுத் திகதி திருத்தம்: 2024.09.15 எங்கிருந்து வந்தது?

நுவரெலியா மாவட்டத்தில் கடமையாற்றும் முகாமைத்துவ உதவியாளர் ஒருவர் தரம் III இல் பத்தாண்டு முடித்துத் தரம் II இற்கு உயர்கிறார். கைக்கு வந்த கடிதத்தில் பதவி உயர்வுத் திகதி 2024.09.15. நியமனக் கடிதமோ 2014.03.03 என்கிறது. அதனோடு பத்தாண்டைக் கூட்டினால் 2024.03.03 தான் வரும். இடையில் ஆறு மாதமும் பன்னிரண்டு நாளும் காணாமற் போயிருக்கின்றன. நாளாக எண்ணினால் 196.

அந்த 196 நாள் எங்கே தொலைந்தது, எப்படி மீட்கப்பட்டது என்பதே இந்த ஆய்வு. உத்தியோகத்தரும் திகதிகளும் விளக்கத்துக்காக அமைக்கப்பட்டவை. விதிகளும் ஆவணங்களும் சம்பளப் படிகளும் உள்ளவை உள்ளபடி. மலையகத் தோட்டக் குடும்பங்களிலிருந்து அரச அலுவலகத்துக்குள் நுழைந்த முதல் தலைமுறையினர் பலருக்கு வீட்டில் இதைப் பற்றிக் கேட்க ஆளில்லை. அலுவலகத்திலும் கேட்கத் தயங்குகிறார்கள். ஆகவே கணக்கைக் கடைசிப் படி வரைக்கும் போட்டுக் காட்டுகிறோம்.

விதி சொல்வது

முகாமைத்துவ உதவியாளர் சேவைக்கான பிரமாணக் குறிப்பு, அதாவது சேவையின் விதித் தொகுப்பு, 2013.12.11 ஆம் திகதிய 1840/34 ஆம் இலக்க அதிவிசேட வர்த்தமானியில் வந்தது. தரம் III இலிருந்து II இற்குப் போகப் பத்தாண்டு செயற்திறனான, திருப்திகரமான சேவை வேண்டும். பத்துச் சம்பள ஏற்றங்களும் பெற்றிருக்க வேண்டும். முதலாவது வினைத்திறன் காண் தடைப் பரீட்சையை, அதாவது எல்லோரும் ஈ.பி. என்று சொல்வதை, நியமனத்திலிருந்து மூன்றாண்டுக்குள் தாண்டியிருக்க வேண்டும். 2007.07.01 இற்குப் பின் சேவையில் சேர்ந்தவர்களுக்கு ஐந்தாண்டுக்குள் மற்ற அரசகரும மொழித் தேர்ச்சியும் உண்டு. தமிழ் மொழிமூலம் சேர்ந்தவருக்கு அது சிங்களம். இவர் அதை நேரத்தோடு முடித்துவிட்டார், ஆகையால் அதை இங்கே விட்டுவிடலாம்.

வினை முழுவதும் ஈ.பி. யில்தான். உரிய திகதிக்குள் தாண்டாவிட்டால் பதவி உயர்வு மறுக்கப்படுவதில்லை. தாமதித்த நாட்கள் பதவி உயர்வுத் திகதியோடு கூடும். சேவைக்குச் சேவை சொற்கள் வேறுபடுவதால், உங்கள் சேவையின் பிரமாணக் குறிப்பில் அந்தப் பந்தியை நீங்களே வாசிப்பது நல்லது. பிறர் சொன்னதை வைத்துக் கணக்குப் போட வேண்டாம்.

கோவையில் இருந்தவை

இவர் 2014.03.03 திங்கட்கிழமை முதலாவது அலுவலகத்தில் கடமையேற்றார். ஐந்து மாதம் அங்கே பயிற்சி. பிறகு 2014.08.04 இல் ஒரு பிரதேச செயலகத்துக்கு இணைக்கப்பட்டார். 2018 கடைசியில் இடமாற்றம் பெற்று மூன்றாவது அலுவலகத்துக்கு வந்தார். பதவி உயர்வுக் கணக்கைப் போட்டது அந்த மூன்றாவது அலுவலகம்.

இரண்டாவது அலுவலகம் கொடுத்த விடுவிப்புக் கடிதத்தில் ‘2014.08.04 முதல் இவ்வலுவலகத்தில் கடமையாற்றினார்’ என்றொரு வரி இருந்தது. வரி சரியானதுதான். அந்த அலுவலகத்தில் அன்றுதான் அவர் சேர்ந்தார். ஆனால் தனிப்பட்ட கோவையின் பழைய பாகம் வந்து சேர முன்பே, மூன்றாவது அலுவலகம் புதிதாக ஒரு சேவை வரலாற்றுத் தாளைத் திறந்து, அந்தத் திகதியை ‘சேவையில் சேர்ந்த திகதி’ என்ற கட்டத்தில் எழுதிவிட்டது. அலுவலகத்தில் சேர்ந்த திகதியும் சேவையில் சேர்ந்த திகதியும் வேறு வேறு. இடமாற்றம் வாங்கிய ஒருவரின் கோவையில் முதலில் பார்க்க வேண்டிய கட்டம் இதுதான்.

இது முதற் பிழை. இதன் விளைவு 2024 வரை காத்திருக்கவில்லை. அதுவரை ஆண்டுதோறும் 03.03 இல் கிடைத்த சம்பள ஏற்றம், 2019 இல் 08.04 இற்கு நழுவியது. படிவத்தில் மேலதிகாரி கையெழுத்திட்டார், கணக்குக் கிளை கொடுத்தது, உத்தியோகத்தரும் ஒப்பமிட்டார். ஐந்து மாதம் பிந்தியதை யாரும் கேட்கவில்லை. ஏற்றத் திகதி மாறினால் அடியில் ஏதோ ஒரு திகதி மாறியிருக்கிறது என்று பொருள். அந்த ஆண்டே கேட்டிருந்தால் இது ஒரு பக்கக் கடிதத்தோடு முடிந்திருக்கும்.

இரண்டாவது பிழை ஈ.பி. பற்றியது. அவர் பரீட்சைக்குத் தோற்றியது 2017.01.28. மூன்றாண்டு நிறைவது 2017.03.03, ஆகவே தவணைக்குள்தான் எழுதியிருக்கிறார். பெறுபேறு வெளிவந்தது 2017.09.15. வரலாற்றுத் தாளில் ‘சித்தியடைந்த திகதி’ என்ற கட்டத்தில் ஏறியது பெறுபேறு வந்த திகதி. பரீட்சை நடந்த திகதியைத்தான் எழுதியிருக்க வேண்டும். பெறுபேற்று ஆவணத்தில் செயல்வலுப் பெறும் திகதி தனியாகக் காட்டப்பட்டிருக்கும், கடிதத்தின் தலைப்பில் உள்ள திகதி வேறு. அவசரத்தில் கண் போவது தலைப்புத் திகதிக்கு. பல பாடங்களை வெவ்வேறு அமர்வுகளில் முடித்தவர்கள் கடைசிப் பாடம் எழுதிய திகதியைத் தேட வேண்டும்.

முதல் விண்ணப்பம் ஏன் தோற்றது

கடிதம் கிடைத்த வாரமே அவர் எழுதினார். ‘எனது பதவி உயர்வுத் திகதி 2024.03.03 ஆக இருக்க வேண்டும், நியமனக் கடிதப் பிரதி இணைப்பு’ என்று நான்கு வரி. ஒரு மாதத்தில் பதில் வந்தது. நியமனத் திகதி 2014.03.03 என்பதை ஏற்றுக்கொள்கிறோம், மீளக் கணித்தோம், பதவி உயர்வுத் திகதியில் மாற்றம் இல்லை.

இதைப் படித்தவுடன் யாருக்கும் கோபம் வரும். ஆனால் அலுவலகம் ஏமாற்றவில்லை. கூட்டிப் பாருங்கள்.

பிழையான பதிவின்படி: சேவையில் சேர்ந்தது 2014.08.04. ஈ.பி. தாண்ட வேண்டிய நாள் 2017.08.04. தாண்டியதாகப் பதிந்தது 2017.09.15. தாமதம் 42 நாள். பத்தாண்டு நிறைவு 2024.08.04, அதோடு 42 நாள், ஆக 2024.09.15.

நியமனத் திகதியை மட்டும் திருத்தினால்: சேர்ந்தது 2014.03.03. ஈ.பி. தாண்ட வேண்டிய நாள் 2017.03.03. தாண்டியதாகப் பதிந்தது அதே 2017.09.15. தாமதம் இப்போது 196 நாள். பத்தாண்டு நிறைவு 2024.03.03, அதோடு 196 நாள். மறுபடியும் 2024.09.15.

இது தற்செயல் அல்ல. ஈ.பி. தாமதம் என்று ஒரு முறை பதிவாகிவிட்டால், தாமதத்தை எண்ணுவது நியமனத்துக்கு மூன்றாண்டு கழித்து வரும் நாளிலிருந்து. நியமனத் திகதியை முன்னுக்கு இழுத்தால் பத்தாண்டு நிறைவும் முன்னுக்கு வரும், தாமதமும் அதே அளவு நீளும். இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். மிஞ்சுவது ஈ.பி. திகதியும் ஏழு ஆண்டும் மட்டுமே. 2017.09.15 உடன் ஏழைக் கூட்டுங்கள், விடை அங்கேயே இருக்கிறது.

ஈ.பி. திகதியை மட்டும் திருத்தியிருந்தால் என்ன ஆகும்? தாமதம் மறையும், ஆனால் சேர்ந்த திகதி 2014.08.04 ஆகவே இருக்கும், பதவி உயர்வு 2024.08.04 ஆகும். 42 நாள் மீளும், 154 நாள் போனது போனதுதான். அதோடு திருப்திப்பட்டு அடங்கிப்போகிறவர்களும் இருக்கிறார்கள். திருத்தம் கிடைத்துவிட்டது என்ற நினைப்பில் மிச்சத்தை யாரும் தேடுவதில்லை.

பதவி உயர்வுத் திகதி ஒரு விடை. விடையைத் திருத்தித் தாருங்கள் என்று கேட்டால், அலுவலகம் தன்னிடம் உள்ள எண்களைக் கொண்டு மறுபடி கூட்டிப் பார்த்து, அதே விடையைத் தரும். கேட்க வேண்டியது விடைக்கு அடியில் உள்ள பதிவுகளின் திருத்தத்தை, ஒவ்வொன்றாக, ஒவ்வொன்றுக்கும் தனிச் சான்றோடு.  

சான்று தேடுதல்

இரண்டாம் முறை எழுத முன் அவர் மூன்று வாரம் சான்று சேர்த்தார்.

நியமனத் திகதிக்கு நியமனக் கடிதம் மட்டும் போதாது. அது ‘இத்திகதி முதல் நியமிக்கப்படுகிறீர்’ என்கிறது. அன்று வேலைக்கு வந்தாரா என்பதைக் கடமையேற்பு அறிக்கைதான் சொல்லும். அதன் பிரதி முதலாவது அலுவலகத்தின் கோவையில் இருந்தது. அது கிடைக்காத இடத்தில் வேறு வழிகள் உண்டு. அந்த மாதத்து வரவுப் பதிவேட்டுப் பக்கம், முதற் சம்பளப் பட்டியல், சம்பளம் முதன்முதலில் வரவான வங்கிக் கூற்று, விதவைகள் அநாதைகள் ஓய்வூதியப் பதிவு என்று தேடலாம். நியமனக் கடிதத்தின் மற்றப் பிரதி இணைந்த சேவைகள் பணிப்பாளர் நாயகத்தின் அலுவலகத்தில் இருக்கும். வங்கிக் கூற்றைப் பலர் நினைப்பதில்லை. அதை வேறு யாரும் பிந்தி எழுத முடியாது என்பதால் அதன் பெறுமதி பெரிது.

இவரிடம் இன்னொரு பலமான சான்றும் இருந்தது. 2015 முதல் 2018 வரை 03.03 இல் வழங்கப்பட்ட நான்கு சம்பள ஏற்றப் படிவங்கள், ஒவ்வொன்றிலும் அன்றைய திணைக்களத் தலைவரின் கையெழுத்து. அரசே நான்கு முறை 03.03 ஐ ஏற்று ஏற்றம் கொடுத்திருக்கிறது என்றால், 08.04 எப்போது, யாருடைய அதிகாரத்தில் நுழைந்தது என்ற கேள்விக்கு அலுவலகம்தான் பதில் சொல்ல வேண்டிவருகிறது.

ஈ.பி. இற்குப் பெறுபேற்று ஆவணத்தின் உறுதிப்படுத்திய பிரதி வேண்டும். அவரவர் கையிலிருக்கும் மங்கிப்போன போட்டோப் பிரதி போதாது. பத்தரமுல்லை பெலவத்தையிலுள்ள பரீட்சைத் திணைக்களத்திடமிருந்து பெறலாம். பரீட்சைச் சுட்டெண், ஆண்டு, தேசிய அடையாள அட்டை இலக்கம் மூன்றும் கொடுக்க வேண்டும். 2016 இலிருந்து புதிய அட்டைகளுக்குப் பன்னிரண்டு இலக்க எண் வந்ததால், பழைய ஒன்பது இலக்கமும் எழுத்தும் கொண்ட எண்ணில் பரீட்சை எழுதியவர்கள் இரண்டையும் எழுதுங்கள். அல்லாவிட்டால் ‘பதிவு இல்லை’ என்று திரும்பி வரும்.

பெயர்தான் மலையகத்தில் பெரிய தலையிடி. பிறப்புப் பதிவில் ஒரு எழுத்துக்கூட்டல், அடையாள அட்டையில் இன்னொன்று, சிங்களத்தில் எழுதிய நியமனக் கடிதத்தில் மூன்றாவது. லெட்சுமி லக்ஷ்மி ஆகும், தகப்பன் பெயரின் முதலெழுத்து இடம் மாறும். தோட்டத்தில் பதிந்த பெயரைச் சிங்களத்தில் கேட்டு ஆங்கிலத்தில் எழுதினால் அப்படித்தான் வரும். திகதியைத் திருத்தும்போது பெயரைத் திருத்தக் கிளம்ப வேண்டாம், அது வேறு நடைமுறை. இந்தப் பெயர்கள் எல்லாம் ஒருவரையே குறிக்கும் என்ற சத்தியக் கடதாசி ஒன்றை இணைத்து, எல்லா ஆவணத்திலும் ஒன்றாக இருக்கும் அடையாள அட்டை எண்ணை அடிக்கோடிட்டுக் காட்டினால் போதும்.

கடைசியாக விடுமுறைப் பதிவேடு. சம்பளமற்ற விடுமுறை ஏதும் இருந்தால் கணக்கு மாறக்கூடும். அதை முதலிலே நீங்கள் பார்த்துக்கொள்வது அவசியம். ஆறு மாதம் முன்னுக்குக் கேட்கப் போய், மறந்திருந்த ஒரு சம்பளமற்ற மாதம் வெளியே வந்து, அதிகமாகப் பெற்ற பணத்தைத் திருப்பிக் கட்ட நேர்ந்தால் மனம் நொந்துபோகும். இவருடைய பதிவேட்டில் அப்படி ஒன்றும் இல்லை.

முதலாவது அலுவலகம் கடமையேற்பு அறிக்கையின் பிரதியை உடனே தரவில்லை. பழைய கோவைகள் மேல்மாடியில், மழைக்கு ஈரமேறும் அறையில். இரும்பு ஊசி துருப்பிடித்துத் தாள்கள் ஒட்டிக்கொண்டிருக்கும், ஊதா முத்திரை கரைந்திருக்கும். நுவரெலியாவில் எந்தப் பழைய அலுவலகத்திலும் இதைக் காணலாம். ‘தேடிப் பார்க்கிறோம் மிஸ்’ என்ற பதில் இரண்டு முறை வந்த பிறகு, அவர் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேட்டார். தன்னைப் பற்றிய ஆவணத்தைத் தானே கேட்பதால் அந்தரங்கம் என்ற காரணம் எழாது. தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாளுக்குள் தீர்மானம் சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தரிடம், அதற்கும் மேலே இரண்டு மாதத்துக்குள் ஆணைக்குழுவிடம் மேன்முறையீடு. இங்கே அந்தத் தூரம் போகவில்லை. எழுத்தில் கேட்டதும் பன்னிரண்டாம் நாள் பிரதி வந்தது. கேட்கும்போது ‘எனது கோவை முழுவதும்’ என்று கேட்காமல், ஆவணத்தின் பெயர், மாதம், அலுவலகம் மூன்றையும் சொன்னது உதவியது.

இரண்டாவது விண்ணப்பம்

அது இரண்டு தாள். முதல் தாள் கடிதம், இரண்டாவது திகதி அட்டவணை. கடிதத்தின் உடல் இவ்வளவுதான்:

‘எனது சேவை வரலாற்றுத் தாளில் உள்ள பின்வரும் இரு பதிவுகளைத் திருத்தி, அத்திருத்தங்கள் இரண்டையும் ஒன்றாகக் கொண்டு தரம் II பதவி உயர்வுத் திகதியை மீளக் கணிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

முதலாவது, சேவையில் சேர்ந்த திகதி 2014.08.04 எனப் பதியப்பட்டுள்ளது. சரியான திகதி 2014.03.03. சான்று: இணைப்பு 1 முதல் 6 வரை.

இரண்டாவது, முதலாவது வினைத்திறன் காண் தடைப் பரீட்சையில் சித்தியடைந்த திகதி 2017.09.15 எனப் பதியப்பட்டுள்ளது. அது பெறுபேறு வெளியிடப்பட்ட திகதி. பரீட்சை நடைபெற்ற திகதி 2017.01.28. சான்று: இணைப்பு 7.

இவற்றுள் ஒன்றை மட்டும் திருத்துவதால் சரியான திகதி கிடைக்காது என்பதை இணைப்பு 8 இலுள்ள அட்டவணை காட்டுகிறது. திருத்தத்தின் பின் பதவி உயர்வுத் திகதி 2024.03.03 ஆகும். அதற்கிணங்கச் சம்பள ஏற்றத் திகதியையும் நிலுவையையும் சீர்செய்துதருமாறு வேண்டுகிறேன்.’

அட்டவணையில் நான்கு வரிசை: உள்ளபடி, நியமனத் திகதி மட்டும் திருத்தினால், ஈ.பி. மட்டும் திருத்தினால், இரண்டும் திருத்தினால். ஒவ்வொரு வரிசையிலும் சேர்ந்த திகதி, ஈ.பி. தவணை, ஈ.பி. திகதி, தாமத நாள், விடை. இந்த ஒரு தாள்தான் வேலையைச் செய்தது. கோவை மேசையிலிருந்து மேசைக்குப் போகும்போது, ஒவ்வொருவரும் மறுபடி கூட்டிப் பார்க்கத் தேவையில்லாமல் போயிற்று.

மொழி பற்றி ஒரு வார்த்தை. தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் உரிமை அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயத்திலேயே இருக்கிறது. மறுக்கப்பட்டால் 1991 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த அரசகரும மொழிகள் ஆணைக்குழுவிடம் முறையிடலாம். ஆயினும் கொழும்பில் கோவையைக் கையாளும் மேசையில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் இல்லாவிட்டால், மொழிபெயர்ப்புக்கென்று வாரக்கணக்கில் அது கிடக்கும். இவர் தமிழில் கையெழுத்திட்ட மூலத்தோடு சிங்கள மொழிபெயர்ப்பையும் தாமே இணைத்தார். இந்தச் சுமை உத்தியோகத்தர் தலையில் விழக்கூடாது என்பதே எங்கள் எண்ணம். ஆனாலும் திகதி முக்கியமாக இருக்கும்போது இணைப்பதே நல்லது. அட்டவணைக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை, எண்கள் எந்த மொழியிலும் எண்கள்தான்.

முகவரி இட்டது பதவி உயர்வுக் கடிதத்தில் கையெழுத்திட்ட அதிகாரிக்கு. அனுப்பியது திணைக்களத் தலைவர் ஊடாக. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். தாபனக் கிளையின் விடய உத்தியோகத்தர் நல்லவராக இருக்கலாம், உதவியும் செய்யலாம், ஆனால் திகதியை மாற்றும் அதிகாரம் நியமன அதிகாரியிடம் அல்லது அவர் அதிகாரம் கையளித்தவரிடம். நேரே மேலிடத்துக்கு மட்டும் எழுதினால் ‘உரிய வழியில் அனுப்பவும்’ என்று திரும்பி வரும். ஆகவே மூலம் தலைவர் ஊடாக, முற்பிரதி ஒன்று மேலிடத்துக்குப் பதிவுத் தபாலில். அலுவலகப் பிரதியில் பெற்றுக்கொண்ட திகதி முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த முத்திரை இல்லாமல் பின்னால் எந்தக் காலக்கெடுவையும் நிரூபிக்க முடியாது.

மாகாண சபையின் கீழ் உள்ள உத்தியோகத்தர்களுக்கு இது வேறு பாதை. அவர்களின் நியமன அதிகாரம் 1987 ஆம் ஆண்டின் 42 ஆம் இலக்க மாகாண சபைகள் சட்டத்தின்படி மாகாண அரசாங்க சேவை ஆணைக்குழுவோடு சேர்ந்தது. அட்டன், கொத்மலை, வலப்பனை போன்ற கல்வி வலயங்களில் மாகாணப் பாடசாலைகளில் கற்பிக்கும் ஆசிரியர்களும் அப்படியே. நீங்கள் யாருடைய உத்தியோகத்தர் என்பது நியமனக் கடிதத்தின் தலைப்பிலும் கையெழுத்திலும் இருக்கிறது. இப்போது உட்கார்ந்திருக்கும் கட்டடத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

பணத்தில் எவ்வளவு

‘ஆறு மாதத்துக்காகவா இவ்வளவு ஓட்டம்’ என்று சக ஊழியர்கள் கேட்பார்கள். 2025 மார்ச் வரை இச்சேவைக்கு இருந்த எம்.என். 2-2016 சம்பளப் படி 28,940 ரூபாவில் தொடங்கி, பத்து ஏற்றம் 300 ரூபா வீதமும், அடுத்து 350, 560, 660 என்று ஏறி 47,990 இல் முடிந்தது. ஒன்பது ஏற்றத்தோடு இவர் 31,640 இல் இருந்தார். 2024.03.03 இல் பத்தாவது ஏற்றம் 300, அன்றே தரம் II இன் முதற் படிக்கு 350, ஆக 32,290 ஆகியிருக்க வேண்டும். மாதம் 650 ரூபா குறைவு, ஐந்து மாதத்துக்கு 3,250. 08.04 இல் பத்தாவது ஏற்றம் கிடைத்த பிறகு 42 நாளுக்கு மாதம் 350 வீதம் ஏறத்தாழ 490. அதோடு ஏற்றம் நழுவியதால் 2020 முதல் 2023 வரை ஆண்டுக்கு 1,500 வீதம் 6,000. 2019 இல் நழுவிய ஐந்து மாதத்தையும் சேர்த்தாலும் பன்னிரண்டாயிரத்தைத் தொடவில்லை.

பெரிய இழப்பு அதற்கு அப்பால் இருந்தது. தரம் II இல் முதலாவது ஏற்றம் 2025.03.03 இல் விழ வேண்டும். பிழையான பதிவில் அது 2025.09.15. இடையில் 2025.04.01 இல் அரச ஊழியரின் அடிப்படைச் சம்பளம் புதிய அளவுக்கு மாற்றப்பட்டது. அந்த மாற்றம் அதற்கு முந்திய நாள் இருந்த படியை வைத்து நடந்தது. சரியான பதிவில் இவர் அன்று தரம் II இன் இரண்டாம் படி, பிழையான பதிவில் முதலாம் படி. பழைய அளவில் 350 ரூபாவாக இருந்த ஒரு படி வித்தியாசம், புதிய அளவுக்குள் அதைவிடப் பெரிதாகிப் போயிற்று. ஆகவே நிலுவைக் கணக்கை 2025 மார்ச்சோடு நிறுத்தாமல், புதிய சம்பள மாற்றத்தையும் மீளச் செய்யுமாறு தனியாகக் கேட்க வேண்டியிருந்தது. இதைக் கேட்காவிட்டால் கணக்குக் கிளை தானாகச் செய்யாது. அவர்களுக்கு வந்த கட்டளை பதவி உயர்வுத் திகதியைப் பற்றியது மட்டும்தான்.

சேவை மூப்பும் இருக்கிறது. ஒரே நாளில் நியமனம் பெற்ற சகபாடிகளுக்கு 196 நாள் பின்னால் பெயர் இருந்தால், தரம் I இற்குப் போகும்போது அதே இடைவெளி தொடரும்.

முடிவு வந்த விதம்

திருத்தம் மூன்று மாதத்தில் வந்தது. வந்தவுடன் அவர் சரிபார்த்தது நான்கு விடயம்.

புதிய கடிதம் பழைய கடிதத்தை அதன் இலக்கமும் திகதியும் குறிப்பிட்டு இரத்துச் செய்கிறதா? இரத்துச் செய்யாவிட்டால் கோவையில் இரண்டு உயிருள்ள கடிதங்கள் கிடக்கும். அடுத்த இடமாற்றத்தில் எது கையில் அகப்படுகிறதோ அதுவே உண்மையாகிவிடும்.

வரலாற்றுத் தாளில் இரு கட்டங்களும் முறைப்படி திருத்தப்பட்டனவா? வெள்ளை மை பூசக்கூடாது, மேலெழுதக்கூடாது. பழைய பதிவைச் சிவப்பு மையில் ஒற்றைக் கோட்டால் வெட்டி, வாசிக்கத் தெரியும்படி விட்டு, புதிய திகதி, அதிகாரமளித்த கடிதத்தின் இலக்கம், அதிகாரியின் கையெழுத்து, திகதி நான்கும் எழுதப்பட வேண்டும். இவருடைய தாளில் நியமனத் திகதி திருத்தப்பட்டிருந்தது, ஈ.பி. கட்டம் பழையபடியே இருந்தது. விடை சரியாக வந்துவிட்டதால் அதை யாரும் தொடவில்லை. அப்படி விட்டிருந்தால், தரம் I இற்குக் கணக்குப் போடும் யாரோ ஒருவர் பத்தாண்டு கழித்து மறுபடி 196 நாளைக் கண்டுபிடிப்பார். ஒரு குறிப்புக் கடிதத்தோடு அந்த வாரமே திருத்துவித்தார்.

சம்பள ஏற்றத் திகதி 03.03 இற்குத் திரும்பியதா? 2019 முதல் கொடுத்த ஏற்றப் படிவங்கள் ஒவ்வொன்றுக்கும் திருத்தக் குறிப்பு வேண்டும். நிலுவையில் முந்தைய ஆண்டுகளுக்குரிய பகுதிக்குத் தனி அனுமதி தேவைப்படுவதால், நடப்பாண்டுப் பணம் முதலிலும் மிச்சம் பிறகும் வந்தது. இரண்டையும் ஒரே மாதத்தில் எதிர்பார்த்துக் கணக்காளரோடு முரண்படத் தேவையில்லை. நிலுவையில் விதவைகள் அநாதைகள் ஓய்வூதியத்துக்கான கழிவு எடுக்கப்பட்டதா என்று சம்பளச் சீட்டில் பார்க்க வேண்டும்.

நான்காவது, பிரதிகள். திருத்தக் கடிதத்தின் பிரதி இணைந்த சேவைகள் பணிப்பாளர் நாயகத்தின் கோவைக்கும் போனதா என்பதைக் கடிதத்தின் அடியிலுள்ள பிரதிப் பட்டியல் காட்டும். போகாவிட்டால் மத்திய கோவையில் 2024.09.15 அப்படியே இருக்கும்.

மறுத்திருந்தால் என்ன செய்வது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அதிகாரம் கையளிக்கப்பட்டவரின் முடிவுக்கு எதிராக அரசாங்க சேவை ஆணைக்குழுவிடமும், ஆணைக்குழுவின் முடிவுக்கு எதிராக 2002 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த நிருவாக மேன்முறையீட்டு நியாயசபையிடமும் போகலாம். இந்த முடிவுகளுக்கு எதிரான சாதாரண நீதிமன்ற வழி அரசியலமைப்பின் 61அ உறுப்புரையால் அடைபட்டிருக்கிறது. திறந்திருப்பது 126 ஆவது உறுப்புரையின் கீழான அடிப்படை உரிமை மனு, அதற்குக் காலம் ஒரே ஒரு மாதம். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையிலுள்ள காலம் அந்த மாதக் கணக்கில் சேராது. 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின் 13 ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. மலையகத்தவருக்குக் கண்டியிலும் பதுளையிலும் அதன் பிராந்திய அலுவலகங்கள் இருக்கின்றன. மறுப்புக் கடிதம் கையில் கிடைத்த திகதியை உறையின் மேலேயே எழுதி, உறையையும் எறியாமல் வையுங்கள்.

இவருடைய தாளில் இப்போது சேவையில் சேர்ந்த திகதி 2014.03.03, ஈ.பி. 2017.01.28, தரம் II 2024.03.03, ஏற்றத் திகதி 03.03. அடுத்த இடமாற்றத்துக்கு விண்ணப்பிக்க முன், இந்த நான்கு பதிவும் உள்ள பக்கத்தின் உறுதிப்படுத்திய பிரதியொன்றைத் தன் கையில் எடுத்து வைத்திருக்கிறார்.